மற்றக் கயிற்றின் முறை

கொழும்பில் என் புதிய சேர்ந்திசைப் பாடலுக்கு ஒத்திகை. இடப்பக்கத்தார் பாடி முடித்தார்கள். வலப்பக்கத்தார் பாடாமல் நின்றார்கள். நான் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

"இந்த இடத்துல எங்களுக்கு எழுத மறந்துட்டீங்களா, சேர்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

அந்த அமைதியில் எங்கள் ஊரின் ஈரக் கயிறு என் மூக்கில் நாறியது. சாய்ந்தமருதுக் கடற்கரையில் கரைவலையின் இரண்டு கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு கூட்டம் இழுக்கும். எங்கள் கயிற்றில் வாப்பா அடியெடுத்துப் பாடுவார். மற்றக் கயிற்றிலிருந்து வாப்பாவின் தம்பி, என் சாச்சாவும் அவருடைய ஆட்களும் எதிர்ப்பாட்டுச் சொல்வார்கள். பாட்டுப் பிசகினால் இழுவையும் பிசகி வலை கோணிவிடும்.

பிறகு கடல் ஊருக்குள் வந்து சாச்சாவையும் அந்த ஆட்களையும் கொண்டுபோனது. அதற்குப்பின் முதன்முதலாக வலை போட்ட அன்று மற்றக் கயிற்றை ஒரு டிராக்டரில் கட்டியிருந்தார்கள். வாப்பா வழக்கம்போல் ஓரடி பாடிவிட்டுக் காத்திருந்தார். டிராக்டர் இரைந்தது. மறுபடி பாடினார், மறுபடி காத்திருந்தார்.

"காக்கா, அங்கால ஆரும் இல்ல. இழுங்க" என்றார் வாப்பாவுக்குப் பக்கத்தில் நின்றவர்.

"ஓம், தெரியும். அவன்ட முறையில நான் பாட ஏலாதே."

வலை கோணிக்கொண்டு வெறுமையாகக் கரையேறியது.

நான் எழுதிய எல்லாப் பாடல்களிலும் அந்த வெற்றிடம் உண்டு. பத்திரிகைகள் அதை என் பாணி என்கின்றன. சொல்லிவிட்டுப் போகட்டும்.

"மறக்கல்ல, மகள்" என்றேன் அந்தப் பெண்ணிடம். "அதுக்கு ஆள் இருக்கு."