லுணுகலை வீதியில் நீலப் புகை

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மச்சானின் மகளுக்குக் காதுகுத்து. போன மாசியில் நாங்கள் போனது அதற்காகத்தான். நான் யாழ்ப்பாணத்தவன், பதுளையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை. மனைவி வசந்தி அந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். மகள் மதுவுக்கு ஐந்து வயது. பனி பட்டாலும் புகை பட்டாலும் அவளுக்கு இழுப்பு வந்துவிடும்.

பதுளையிலிருந்து பசறை ஏறக்குறைய இருபது கிலோமீற்றர், பசறையிலிருந்து லுணுகலை இன்னும் இருபது. தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஒன்றரை மணித்தியாலம் வேண்டும். பஸ்ஸிலேயே போகலாம் என்றாள் வசந்தி. சனத்துக்குள் பிள்ளை நசிபடும் என்று சொல்லிக் காரை எடுத்தவன் நான். காருக்கு வயது இருபத்தேழு. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

புறப்படுமுன் செய்ய வேண்டியதெல்லாம் செய்தேன். ரயருக்குக் காற்று, ரேடியேற்றருக்குத் தண்ணீர். வீட்டு வாசலில் பொனற்றைத் திறந்து ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன். மேல் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஒயில் குடிக்காத கார் என்று வசந்தியிடம் பீற்றிக்கொண்டேன். எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. கார் எப்போதும் மூக்கைக் கீழே குத்திக்கொண்டுதான் நிற்கும். அதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

போகும் வழியில் ஒரு குறையுமில்லை. காதுகுத்து நல்லபடி முடிந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திரும்பினோம். அந்த வீதி ஏறி இறங்கி, ஏறி இறங்கியே போகும். ஒரு நீண்ட இறக்கம் முடிந்து, அடுத்த ஏற்றத்துக்கு அக்சிலேற்றரை மிதித்தேன். கண்ணாடியில் பின்னால் இருந்த வீதியையே காணவில்லை. ஒரே புகை.

புகையின் நிறம் பற்றி எனக்கு ஏட்டறிவு உண்டு. கறுப்பென்றால் பெற்றோல் கூடுதலாக எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. நீலமென்றால் ஒயில் எரிகிறது. இது நல்ல நீலம். கூடவே என்ஜினுக்குள்ளிருந்து தகர டப்பாவுக்குள் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு கடகடப்பு. அந்த ஏற்றத்தை எப்படியோ கடந்து, அடுத்த இறக்கத்தில் ஓரமாக நிறுத்தி, கொஞ்சம் பொறுத்துக் குச்சியை இழுத்தேன். நிறைய ஒயில்! அப்போதுதான் உண்மையாகவே பயந்தேன். ஒயில் குறைந்திருந்தால் ஊற்றலாம். நிறைய இருந்தும் கத்துகிற என்ஜினை என்ன செய்வது?

ஒரு பக்கம் பாறை. மறுபக்கம், மரங்களின் உச்சி என் காலுக்குக் கீழே தெரிந்தது. இறக்கத்தில் என்ஜின் நின்றுவிட்டால் பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும் என்று எங்கேயோ கேட்டது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. ஆனாலும் ஓட்டினேன். பின் ஜன்னல் கண்ணாடி திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. மது இருமத் தொடங்கினாள். இருமல் நின்றபோது, மூச்சோடு விசில் சத்தம் கேட்டது.

வசந்தி பையிலிருந்து, இழுப்புக்கு வாயில் அடிக்கும் மருந்துப் பம்பை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். காதுகுத்து வீட்டு அடுப்புப் புகையில் இரண்டு நாளும் அதைப் பாவித்திருந்தோம். அவள் முகம் போன போக்கிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஒரு முறை அடித்தாள். அடுத்த முறை வெறும் காற்று.

அடுத்த வளைவில் ஒயில் படம் போட்ட சிவப்பு விளக்கு மின்னி அணைந்தது. வயர் பழசு, அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தவனுக்குப் பொய் இனிக்கும்.

“என்னங்க, காரை நிப்பாட்டுங்க” என்றாள் வசந்தி.

“நிப்பாட்டினா பிள்ளைக்கு என்ன செய்யிறது? பசறை ஆஸ்பத்திரிக்கு இன்னும் எட்டுக் கிலோமீற்றர்தான். ஒயில் நிறைய இருக்கு, நான் இப்பதானே பாத்தனான்.”

“எங்க பாத்தீங்க? எறக்கத்துல நிப்பாட்டித்தானே பாத்தீங்க? எங்க தோட்டத்துல லொறியை பெரட்டுக் களத்துக்குக் கொண்டாந்துதான் ஒயில் பாப்பாங்க. வேலைக்குப் பேரு குடுக்குற எடம் அது ஒண்ணுதான் அங்க சமமா இருக்கும். நாங்க வெளையாடிக்கிட்டு இருந்தா வெரட்டி விட்டுட்டுத்தான் பாப்பாங்க. அந்தா பாருங்க, கொழுந்து மடுவம். அங்க நிப்பாட்டுங்க!”

கொழுந்து நிறுக்கும் அந்தக் கொட்டகைக்கு முன்னால் சமதரையான முற்றம் இருந்தது. லொறியில் கொழுந்துச் சாக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மதுவின் கழுத்துக் குழி உள்ளே உள்ளே போவதைக் கண்ட ஓர் அம்மா, சாக்கைக் கீழே போட்டுவிட்டு லொறிக்காரரைப் பார்த்துக் கத்தினார்.

“தம்பி, புள்ளைக்கு இழுக்குது! மொதல்ல இவுங்கள ஏத்திக்கிட்டுப் போ. கொழுந்து கெடக்கட்டும்!”

“பாதி லோட்டோட போனா பேக்டரி ஐயா என்னைய ஏசுவாரே” என்று சொல்லியபடியே அவர் கதவைத் திறந்துவிட்டார். வசந்தி பிள்ளையோடு ஏறினாள். “சேர், சீட்டுக்குப் பின்னால ஒயில் கேன் இருக்கு, எறக்கிக்கங்க. பாத்து ஊத்திக்கிட்டு மெதுவா வாங்க” என்றார் என்னிடம். லொறி வளைவில் மறைந்தது. கைத்தொலைபேசியில் சிக்னல் இல்லை.

என்ஜின் ஆறி ஒயில் கீழே இறங்கப் பத்து நிமிடம் நின்றேன். என் வாழ்க்கையில் அதைவிட நீண்ட பத்து நிமிடம் இல்லை. குச்சியை இழுத்தேன். நுனியில் ஒரு பொட்டு ஒயில்கூட இல்லை. துடைத்துவிட்டு மறுபடி விட்டு இழுத்தேன். காய்ந்த குச்சி. வீட்டு வாசலிலும் அந்த இறக்கத்திலும் கார் மூக்கைக் குத்தி நின்றபோது, மிஞ்சியிருந்த ஒயில் எல்லாம் குச்சி இருக்கும் முன்பக்கத்தில் தேங்கி என்னை ஏமாற்றியிருக்கிறது. லொறிக்காரரின் கேனிலிருந்து ஊற்றினேன், இரண்டரை லீற்றர் பிடித்தது. ஸ்டார்ட் செய்தேன். கடகடப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. புகை மட்டும் விடவில்லை.

பசறை வரைக்கும் நான் கேட்டது என்ஜின் சத்தத்தை அல்ல. மதுவின் அந்த விசில் சத்தம்தான் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கொழுந்து லொறியைக் காணவில்லை. அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியாமல் உள்ளே ஓடினேன். மது கட்டிலில் முகமூடியோடு இருந்தாள். என்னைக் கண்டதும் அதைத் தூக்கிவிட்டு, “அப்பா, கார் இன்னும் இருமுதா?” என்று கேட்டாள். நான் வெளியே போய்ச் சுவரோடு நின்று அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

பழைய காரில் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இறக்கம் முடிந்து மிதிக்கும்போது நீலப் புகை வந்தால் பெரும்பாலும் வால்வ் சீல் தேய்ந்திருக்கும், எங்களுக்கும் அதுதான். பதுளை கராஜில் மாற்ற முப்பத்தெட்டாயிரம் ரூபாய் முடிந்தது. புகையோடு கடகடப்பும் சேர்ந்தால் ஒயில் மேலே ஏறவில்லை என்று வையுங்கள். சிவப்பு விளக்கு ஒரு தரம் மின்னினாலும் நிறுத்துங்கள். காரில் ஒரு கேன் ஒயில் இருக்கட்டும். மலைநாட்டில் சமதரை கிடைப்பது கஷ்டம். மடுவத்து முற்றமோ பெரட்டுக் களமோ தேடிப் போய்க் குச்சியைப் பாருங்கள்.

லொறிக்காரரின் கேனை நிரப்பிக்கொண்டு அடுத்த வாரம் போய்க் கொடுத்தேன். ஏச்சு விழுந்ததாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மது இப்போது சுகம். வசந்தி பம்பை ஆட்டிப் பார்க்காமல் காரில் ஏறுவதில்லை. எனக்குத்தான் அந்தப் பயம் இன்னும் தெளியவில்லை. வீட்டிலிருந்து புறப்பட்ட அன்று, வாசலில் நான் குச்சியைப் பார்த்தேன்தானே. நிறைய இருக்கிறது என்று திருப்தியாகத் துடைத்து வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிப் பின் சீட்டில் இருத்தினேன்.