கழிவு போக இருபத்து மூன்று

எங்கள் அப்பாவின் வலது கைக்கு எடை தெரியும். அருப்புக்கோட்டையில் ஒரு மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் முப்பது வருடமாக அவர்தான் எடை போடுகிறவர். பரளச்சிப் பக்கத்து வெள்ளாமைச் சம்சாரிகள் வத்தல் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினால், தராசில் ஏற்றுவதற்கு முன்னால் மூட்டையின் காதைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கிப் பார்ப்பார். அவர் சொல்வதும் தராசு சொல்வதும் கால் கிலோவுக்கு மேல் விலகியதில்லை என்று கடையில் பேசிக்கொள்வார்கள். நான் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா தராசு வைத்திருந்த அறையின் சாவியைத் தேடிக்கொண்டிருக்க, அப்பா என்னைக் கையில் வாங்கி, "ரெண்டே முக்கால்" என்று சொல்லிவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். பெற்ற பிள்ளையைக் கொஞ்சக்கூட இல்லை என்று அம்மாவுக்கு இன்றுவரை குறை. அவர் அப்படித்தான். எடை தெரிந்துவிட்டால் எந்தப் பொருளையும் அதற்கு மேல் ஒரு விநாடி கையில் வைத்திருக்க மாட்டார்.

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது அக்காவுக்கு ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. தண்ணீரைச் சேமிப்பது பற்றிய படிப்பு. "நம்மூருல இல்லாததப் பத்திப் படிக்க அம்புட்டுத் தூரம் போகணுமாக்கும்" என்று அத்தை கேட்டாள்.

டிக்கெட்டில் இருபத்து மூன்று கிலோ என்று போட்டிருந்தது. அந்த இருபத்து மூன்றுக்குத்தான் எங்கள் வீட்டில் ஒரு மாதம் சண்டை. அம்மா இரண்டு கிலோ வத்தல் தூள் அரைத்து வைத்தாள். அத்தை பருப்புப்பொடியும், ஒரு சின்னக் குக்கரும், குக்கருக்குள் இடம் வீணாகிறதே என்று அதற்குள் காராச்சேவும் கொண்டுவந்தாள். மாமா கருப்பட்டி. அக்காவோ இரண்டு தடிப் புத்தகம், மதுரைக்குப் போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கிய கம்பளிச் சட்டை, ஒரு ஜோடி ஷூ, ஜெர்மன் அகராதி என்று தனியாக ஒரு குவியல் வைத்திருந்தாள். "குளிரு தாங்காதும்மா" என்று அவள் சொல்ல, "வத்தத் தூளப் போட்டு ரசம் வச்சுக் குடி, குளிரு ஓடிரும்" என்று அம்மா சொல்ல, கடைசியில் அப்பா தலையிட்டார். "எல்லாத்தையும் வைங்க. நாயித்துக்கெழம கடைக்குக் கொண்டுபோயி எடை போட்டுப் பாத்துக்கிருவோம்."

பாளையம்பட்டி வீட்டில் இருந்து எங்கள் பெட்டி கடைக்குப் போனது சீர் கொண்டுபோவதைப் போல இருந்தது. அப்பா பெட்டியோடு டிவிஎஸ் வண்டியில் முன்னால் போக, நாங்கள் பஸ்ஸில் போய் இறங்கினோம். விடுமுறை நாளானாலும் லோடுமேன்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். வத்தல் நெடியில் எல்லோரும் மாறி மாறித் தும்மினோம். அப்பா மட்டும் தும்மவில்லை.

முதலில் காலிப் பெட்டியைத் தராசில் வைத்தார். நாலரைக் கிலோ. பிறகு ஒவ்வொரு சாமானாகக் கையில் தூக்கி, எடையைச் சொல்லி, உள்ளே வைத்தார். அத்தையின் பொடி வந்தபோது அத்தை முகத்தைப் பார்த்துச் சொன்னார், அம்மாவின் தூள் வந்தபோது அம்மா முகத்தைப் பார்த்துச் சொன்னார். பெட்டியை மூடித் தராசில் ஏற்றினார். இருபத்தேழரை காட்டியது.

"கழிவு போக இருபத்தி மூணு" என்றார் அப்பா. "ஒரு வத்தக் காம்பு கூடாது, கொறையாது."

மாமாவுக்கு லேசாகச் சந்தேகம். "மச்சான், பொட்டியும் சேத்துத்தான இருபத்தி மூணும்பாங்கெ?"

"மாப்ளே, சாக்க எவனாச்சும் வெல குடுத்து வாங்குவானா? சரக்குக்குத்தான் எடை. முப்பது வருசமாக் கழிச்சிக்கிட்டிருக்கேன்." லோடுமேன்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துவிட்டார். ஏரோப்ளேனில் ஏறாதவர்களுக்கெல்லாம் அது நியாயமான பேச்சாகத்தான் பட்டது.

பெட்டியையும் சேர்த்துத்தான் எடை என்பது அந்தக் கூட்டத்தில் அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும். எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். அப்பா துண்டால் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் அப்பா வேலைக்கும், அம்மாவும் அத்தையும் கடைவீதிக்கும் போன நேரத்தில் அவள் பெட்டியைத் திறந்தாள். வீட்டில் ஒரு கொக்கித் தராசு உண்டு. பழைய சேலை ஒன்றை விரித்து, கம்பளிச் சட்டையை வைத்தாள். ஷூவை வைத்தாள். தடிப் புத்தகங்களை வைத்தாள். முடிச்சுப் போட்டுக் கொக்கியில் மாட்டினாள். முள் நாலைத் தாண்டவில்லை.

"அத்தையோட பொடிய எடு. நாறுது" என்றேன்.

"அதெல்லாம் அப்பா எடை போட்டு வச்சதுடி" என்றவள், அகராதியை எடுத்து மூட்டைக்குள் செருகினாள். முள் நாலரையில் நின்றது.

"அப்பறம் அங்க எப்பிடிப் பேசுவ?"

"பாதி மனப்பாடம் ஆயிருச்சு. மீதிய அங்கனயே கேட்டுக்கிறேன்." மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் ட்ரங்குப் பெட்டிக்குப் பின்னால் தள்ளினாள். அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சாமி சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அப்பா இத்தனை பேர் முன்னால் சரியாக இருபத்து மூன்று போட்டு வைத்ததை இவள் குலைத்துவிட்டாளே! நாளைக்கு ஏர்போர்ட் தராசு பதினெட்டரை காட்டினால் அப்பாவின் மானம் என்ன ஆவது? கழித்தல் கணக்கில் நான் வகுப்பில் முதல்.

மதுரை ஏர்போர்ட் வாசலில் ஒரு குடும்பமே தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்துப் போட்டு, அரிசியையும் ஊறுகாயையும் வெளியே எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பையன் தலையைத் தொங்கப் போட்டு நின்றான். அப்பா அவர்களை இரக்கத்தோடு பார்த்தார். "எடை போடத் தெரிஞ்ச ஆளு வீட்டுல இல்ல போல, பாவம்."

டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடவில்லை. அக்கா மட்டும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். நான் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் அக்கா கண்ணாடிக்கு அருகில் திரும்பி வந்தாள். கையைத் தூக்கி முதலில் இரண்டு விரலைக் காட்டினாள். பிறகு மூன்று விரலைக் காட்டினாள்.

அப்பா மாமாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அம்மாவை, அத்தையை, அந்தத் தரையில் உட்கார்ந்திருந்த குடும்பத்தை. என் ஆயுளில் அவரை அவ்வளவு உயரமாக நான் பார்த்ததில்லை.

அக்கா பொய்யாகவே விரலைக் காட்டியிருக்கலாம், கண்ணாடிக்கு வெளியே யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் எங்கள் வீட்டில் எடையில் பொய் சொல்லும் பழக்கம் இல்லை. கடையிலேயே "தப்புப்பா" என்றும் சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. அப்பாவின் சொல்லை மெய்யாக்கிவிட்டுப் போனாள். அக்காவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. இதெல்லாம் இப்போதைய அறிவு. அன்றைக்கு வேனில் திரும்பி வரும்போது என் மண்டைக்குள் ஓடியது வேறு. நாலரைக் கிலோவை எடுத்த பிறகும் இருபத்து மூன்று எப்படி வரும்? ஏர்போர்ட்டில் இருப்பது கள்ளத் தராசு!

வீடு வந்ததும் சத்தியத்தை மறந்தேன். கட்டிலுக்கு அடியில் நுழைந்து மூட்டையை இழுத்துவந்து அப்பாவின் காலடியில் போட்டேன். "அக்கா நேத்தே இத வெளிய எடுத்துட்டாப்பா. அப்பயும் இருபத்தி மூணு காட்டுது. அந்தத் தராசு பொய் சொல்லுது."

அப்பா முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். கம்பளிச் சட்டையின் கையை ஒருமுறை தடவினார். மறுபடி முடிந்து, வலது கையால் தூக்கினார்.

"நாலரை" என்றார்.

எடையைச் சொன்ன பிறகும் கீழே வைக்கவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள், அது ஆடை கட்டியது. ஏன் வைத்துக்கொண்டே நிற்கிறார் என்று அம்மா என்னைக் கண்ணால் கேட்டாள். எனக்கென்ன தெரியும்?

"அந்தத் தராசுல கொற இல்லத்தா" என்றார் கடைசியாக. "ரொம்பச் சரியான தராசு."

எனக்கு எரிச்சலாக இருந்தது. கள்ளத் தராசைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தால் அதற்கே பரிந்து பேசுகிறாரே. எடை போடுகிறவர்கள் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டு, நான் விளையாடப் போய்விட்டேன்.