விரதமும் என் மாத்திரையும்

தேத்தண்ணிக் குவளையைத் தூக்கும்போது அப்பா கை ஏன் லேசாக நடுங்குகிறது என்று சின்னவள் கேட்டாள். பிள்ளைகளே, உங்கள் மூன்று பேருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஸ்கிசோஃப்ரினியா என்ற நோய். பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் என்னை ஏசுகிற குரல்கள் கேட்கும். மாத்திரை போட்டால் அடங்கிவிடும்.

நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, கோப்பெங் பக்கம் நான் பிறந்த தோட்டத்துக் கோயிலில் பால்குடம் எடுக்க வேண்டிக்கொண்டேன். தோட்டத்தில் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை மரங்கள் வந்தும் கோயில் அங்கேயே இருக்கிறது. விரதம் தொடங்கிய அன்று உங்கள் மாமா சொன்னார்:

"மச்சான், விரதம்னா உடம்பு சுத்தமா இருக்கணும்லா. கறி, பீர் மட்டுமில்ல, மருந்தையும் விடு. சாமி பாத்துக்கும்."

எனக்கும் அது சரியாகவே பட்டது, மாத்திரையை நிறுத்திவிட்டேன். சில நாள் நன்றாகத்தான் இருந்தது. கை நடுங்கவில்லை, பகலில் தூக்கம் வரவில்லை. பிறகு குரல்கள் திரும்பின. சோற்றில் உங்கள் அம்மா ஏதோ கலந்துவிட்டாள் என்றன. நம்பிவிட்டேன். உங்களையும் சாப்பிட விடவில்லை.

அம்மா சண்டை போடவில்லை. என் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுக் காட்டினாள். "வாங்க, ஈப்போவுக்குப் போலாம்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மூளையில் ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்கு டோபமைன் என்ற ரசாயனத்தால் சேதி அனுப்புமாம். எனக்குச் சில இடங்களில் அந்தச் சேதி மிஞ்சிப்போகிறது. அதை வாங்கும் கதவில் மாத்திரை போய் உட்கார்ந்து மறித்துக்கொள்கிறது.

"அப்ப மாத்திர போட்டா கை நடுங்குதே, அது ஏன்?" என்று கேட்டேன்.

"உடம்ப அசைக்கிற இடத்திலயும் அதே கதவு இருக்கு அண்ணே. அங்கயும் போய் உக்காந்துக்குது. வேற மாத்திரை குடுத்துப் பாக்குறேன். கஷ்டமா இருந்தா வந்து சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க."

புது மாத்திரையில் நடுக்கம் பெரும்பாலும் போனது. பசி வந்தது. வயிறு பெருத்து, பழைய சிலுவார் எதுவும் இடுப்பில் ஏறவில்லை. சர்க்கரை கூடி இனிப்பு நீர் வந்துவிட்டதா என்று அவ்வப்போது இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் வீட்டுச் சோற்றைப் பயமில்லாமல் சாப்பிடுகிறேன்.

அந்த வருடம் பால்குடம் எடுக்கவில்லை. அடுத்த வருட விரதத்தில் மாமா தினமும் போன் போட்டார். "மச்சான், மாத்திர போட்டியா? போடாம கோயில் பக்கம் வந்துராத."

குடத்தைத் தலையில் வைத்தபோது என் கை கொஞ்சம் ஆடியது. மாமா பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நடந்தார். பால் அவர் சட்டையெல்லாம் வழிந்தது. "இந்த வருசம் அபிஷேகம் எனக்குத்தான் போலலா" என்றார்.

அவரையும் டாக்டரம்மாவையும் சாமி கும்பிடும்போது நினைத்துக்கொள்கிறேன். அம்மா தின்று காட்டிய அந்த ஒரு வாய்ச் சோற்றைத் தினமும் நினைக்கிறேன்.

சின்னவளே, இனிமேல் அப்பாவுக்குக் குவளையில் முக்கால்வாசி ஊற்று, போதும்.