புதன்கிழமை, பதினொன்று பத்து

காப்பீட்டு நிறுவனத்தில் இருபத்தொன்பது வருடம் அவர் செய்த வேலை, மற்றவர்கள் சொல்வதை நம்பாமல் இருப்பது. கடை எரிந்துபோய்விட்டது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், சாம்பலைக் கிளறி, எரிந்ததாகச் சொன்ன சரக்கு அங்கே இருந்ததுதானா என்று பார்ப்பார். கை உடைந்துவிட்டது என்றவர் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய், எந்தக் கையால் கதவைத் திறக்கிறார் என்று கவனிப்பார். அலுவலகத்தில் அவருக்குத் துருவல் சார் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். யார் வைத்தது என்பதை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு துருவுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்துக்கொண்டு பழைய புகைப்படங்களை ஒவ்வொன்றாக அதில் ஏற்றினார். மகளின் சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரம் எல்லாம் ஏறின. தான் விசாரித்த வழக்குகளை, ஆள் யாரென்று தெரியாதபடி எழுதிவைக்கவும் ஆரம்பித்தார். இருநூறு பக்கம் தாண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியத் தூக்கம் முடிந்து வந்து உட்கார்ந்தபோது திரையில் சிவப்புக் கட்டம் ஒன்று நின்றது. வைரஸைப் பிடிப்பதற்காக அவர் போட்டிருந்த மென்பொருள், வாராவாரம் செய்யும் சோதனையை முடித்துவிட்டு, நாற்பத்து மூன்று கோப்புகளில் வைரஸ் இருக்கலாம் என்று சொன்னது. விட்டுவிடலாமா, தனியே பூட்டி வைக்கலாமா, அழித்துவிடலாமா என்று கேட்டது. சந்தேகம் என்று வந்துவிட்ட பிறகு வீட்டுக்குள் வைத்துக்கொள்வானேன்? எல்லாவற்றையும் அழி என்பதை அழுத்திவிட்டு நிம்மதியாக டீ குடித்தார்.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, கம்பெனியின் சின்னம் வந்தது. அதன் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. பிறகு திரை இருண்டு, மறுபடியும் சின்னம். செக்குமாடு மாதிரி அதே வட்டத்தில் அரைமணி நேரம் சுற்றியது. அவர் ஒயரைப் பிடுங்கினார்.

யாரோ வேலையைக் காட்டிவிட்டார்கள் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. ஒரு தாளை எடுத்துப் பட்டியல் போட்டார். முதலில் மாப்பிள்ளை. சனிக்கிழமை வந்தவர், போனுக்கு சார்ஜ் ஏறவில்லை என்று கம்ப்யூட்டரில் செருகிவைத்தார். மூன்று வருடமாகச் சிரித்துச் சிரித்துப் பேசுகிற மனிதர், அதுவே சரியில்லை. அடுத்து, போன மாதம் இணைய இணைப்பைச் சரிசெய்ய வந்து, அடிக்கொருதரம் தண்ணீர் கேட்டு இவரை உள்ளே அனுப்பிய ஆள். மூன்றாவது, அந்த வைரஸ் மென்பொருளை விற்ற கம்பெனி. பயமுறுத்தினால்தானே அடுத்த வருடமும் வாங்குவோம்?

பட்டியலில் மனைவி இல்லை. அவள்மேல் உள்ள நம்பிக்கையால் அல்ல. அவளுக்குக் கம்ப்யூட்டரைத் திறக்கவே தெரியாது என்று நினைத்திருந்தார்.

மகளுக்குப் போன் செய்து, மாப்பிள்ளையின் போன் சுத்தமானதுதானா என்று நயமாக விசாரித்தார்.  மகள், தன் அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களைப் பார்க்கிற பெண்ணை அனுப்புவதாகவும், அவரிடமாவது வம்பு வளர்க்க வேண்டாமென்றும் சொல்லி வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்த டெக்னீஷியன் வந்தார். நாற்பது வயதிருக்கும். தோளில் ஒரு பை, கையில் ஒரு பெட்டி. அவர் வருவதற்குள் துருவல் சார் தன் ஏற்பாடுகளை முடித்திருந்தார். கம்ப்யூட்டர் பெட்டியின் திருகுகள்மேல் சின்னச் சின்னதாய்த் தாள் ஒட்டிக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஹார்ட் டிஸ்க்கின் எண்ணை, வாங்கிய ரசீதிலிருந்து பார்த்து எழுதி வைத்திருந்தார். நல்ல உதிரியைக் கழற்றிக்கொண்டு மட்டமானதை மாட்டிவிடுகிறவர்களை அவர் நிறையப் பார்த்தவர்.

டெக்னீஷியன் கோபித்துக்கொள்ளவில்லை. குனிந்து கையெழுத்துகளைப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். நான் தொடுவதற்கு முன்பே இயந்திரம் ஓடவில்லை, உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது என்று அதில் இருந்தது.

"இதுல நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சார். ஒரு வீட்ல நான் வந்துட்டுப் போனப்புறம் போட்டோ காணாமப் போச்சுன்னு சொன்னாங்க. அதுலேர்ந்து நானும் யாரையும் நம்புறதில்ல."

முதல்முறையாகத் துருவல் சாருக்கு அந்தப் பெண்மேல் மரியாதை வந்தது. இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

வேலை தொடங்கியது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். டெக்னீஷியன் முதலில் எதையும் கழற்றவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். உடம்பு நன்றாக இருக்கிறது, மூளைதான் குழம்பியிருக்கிறது என்றார். அப்புறம் தான் கொண்டுவந்த சிடி தட்டு ஒன்றை உள்ளே போட்டு, அதிலிருந்து இயந்திரத்தை எழுப்பினார். பென்டிரைவ் போடாமல் தட்டு ஏன் என்று இவர் கேட்டார். தட்டிலிருந்து படிக்கத்தான் முடியும், அதில் எதுவும் எழுத முடியாது, அதனால் உங்கள் வீட்டு வைரஸ் என்னோடு கிளம்பி வராது என்று பதில் வந்தது. திரையில் அவருடைய புகைப்படங்களும் வழக்குகளும் பத்திரமாக வரிசைகட்டி நின்றன. அவற்றை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்த பிறகுதான் டெக்னீஷியன் கோளாறைத் தேடப் போனார்.

அரைமணி நேரத்தில் தெரிந்துவிட்டது. நாற்பத்து மூன்றில் முழுக்க வைரஸ் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை ஐந்துதான். சிலது வெறும் சந்தேகம். மீதியெல்லாம் கம்ப்யூட்டர் எழுந்திருக்கத் தேவையான கோப்புகள்; வைரஸ் அவற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது, துடைத்திருந்தால் போயிருக்கும்.

"வைரஸ் இதைப் படுக்க வைக்கல சார். நீங்க எல்லாத்தையும் அழிச்சீங்க பாருங்க, அதுதான்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆனாலும் விடுவதாயில்லை. அழித்தது தன் கையாகவே இருக்கட்டும், உள்ளே கொண்டுவந்தது யார்? தாளை எடுத்து மூன்று பேரையும் பற்றிச் சொன்னார். டெக்னீஷியன் எதையோ தேடி எடுத்து, திரையை அவர் பக்கம் திருப்பினார். அது அந்த மென்பொருள் எழுதிவைத்திருந்த குறிப்பு. போன புதன்கிழமை, பதினொன்று பத்துக்கு, ஒரு பென்டிரைவிலிருந்து முதல் எச்சரிக்கை. யாரோ அதை மூடியிருக்கிறார்கள்.

மாப்பிள்ளை வந்தது சனிக்கிழமை. புதன்கிழமை தோறும் பத்திலிருந்து ஒரு மணிவரை இவர் ஓய்வுபெற்றோர் சங்கத்தில் இருப்பார். அந்த நேரத்தில் இந்த அறைக்குள் யாரோ இருந்திருக்கிறார்கள். 

மனைவி அடுத்த அறையில் தையல் மெஷினில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். அவளை அழைத்து, பழைய அலுவலகக் குரலில், புதன்கிழமை வீட்டுக்கு யார் வந்தது என்று கேட்டார். யாரும் வரவில்லை என்றாள். தெரிந்தவர்கள்? இல்லை. அப்படியானால் கதவைத் திறந்து போட்டுவிட்டு எங்கேயாவது போனாயா என்றார். அவள் கையில் ஊசி நூல் இருந்தது. அதையே சுற்றிக்கொண்டிருந்தாள். இருபத்தொன்பது வருட அனுபவத்தில், இவள் எதையோ மறைக்கிறாள் என்று அவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. 

டெக்னீஷியன் எழுந்து, ஒரு போன் பேச வேண்டும் என்று வெளியே போனார். அவருக்குப் போன் எதுவும் வந்திருக்கவில்லை.

"நான்தான் போட்டேன்," என்றாள் மனைவி.

"உனக்கு இதைத் திறக்கத் தெரியுமா?"

"நீங்கதான் ஒவ்வொரு பட்டனையும் வாயால சொல்லிச் சொல்லி அழுத்துவீங்களே. காதுல விழுந்துட்டேதானே இருக்கு."

பிறகு நின்றபடியே சொன்னாள். இரண்டு மாதத்துக்கு முன்பு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஒரு புதன்கிழமை டாக்டரைப் பார்த்தாள், அடுத்த புதன்கிழமை ஸ்கேன், அதற்கடுத்து ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். இன்னொரு டாக்டர் காகிதத்தில் வேண்டும் என்றதால், தெருமுனையில் பிரிண்ட் எடுக்கிற கடையில் கொடுத்து எடுத்தாள். அங்கே யார் யாருடைய பென்டிரைவோ செருகுகிற மெஷின். வீட்டுக்கு வந்து, படங்களையும் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று இங்கே செருகினாள். மூலையில் ஏதோ சின்னதாக வந்தது. பெருக்கல் குறியை அழுத்தினாள், போய்விட்டது.

"முடிவு என்ன?" என்று கேட்டார். குரல் அலுவலகக் குரலாக இல்லை.

"கெட்டது இல்லன்னு ரெண்டு பேருமே சொல்லிட்டாங்க. நாலு மாசம் கழிச்சு ஒருதரம் வந்து காட்டணும், அவ்வளவுதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அந்த டாக்டரை உட்காரவச்சு எத்தனை கேள்வி கேட்டிருப்பீங்க? அவர் எங்க படிச்சாரு, மெஷின் எப்ப வாங்கினது, ரிப்போர்ட் மாறிப்போயிருக்குமா. உங்களுக்குப் பதில் சொல்லவே நேரம் சரியாயிருக்கும். எனக்குப் பயப்படக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்துச்சு."

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஏழு புதன்கிழமைகள் சங்கத்தில் உட்கார்ந்து, பொருளாளர் தேர்தல் ஒழுங்காக நடந்ததா என்று விவாதித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஊர்க்காரன் கையை எல்லாம் கவனித்தவருக்கு, மனைவி ஒரு வாரம் இடது கையைத் தூக்காமல் துணி உலர்த்தியது கண்ணில் படவில்லை. அதெல்லாம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தபோதே இன்னொன்றும் ஓடியது. கெட்டது இல்லை என்று இவள் சொல்வது உண்மைதானா? தன்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாளா? அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டார். வெட்கப்பட்ட பிறகும் நினைப்பு போகவில்லை.

டெக்னீஷியன் திரும்பி வந்தார். மனைவி அலமாரியிலிருந்து அந்தப் பென்டிரைவை எடுத்துக் கொடுத்தாள். வைரஸ் அதிலிருந்தவற்றை ஒளித்துத்தான் வைத்திருக்கிறது, அழிக்கவில்லை, வெளியே கொண்டுவந்துவிடலாம் என்று டெக்னீஷியன் சொன்னார். திறக்கட்டுமா என்று இவரைப் பார்த்துக் கேட்டார்.

"அவங்களக் கேளுங்கம்மா," என்றார் அவர்.

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"திறந்து காட்டுங்க. படிக்கலன்னா இவருக்குச் சோறு இறங்காது."

அவர் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். பெயர், வயது, தேதி எல்லாம் சரியாக இருந்தன. கீழே, புற்று இல்லை என்று இருந்தது.

மாலைக்குள் டெக்னீஷியன் காணாமல்போன கோப்புகளைப் புதிதாகப் போட்டு, மிச்சமிருந்த வைரஸைத் துடைத்து, இயந்திரத்தை எழுப்பிவிட்டார். சின்னம் வந்தது, புள்ளிகள் சுற்றின, மகளின் கல்யாணப் படம் திரையில் விரிந்தது. கிளம்பும்போது, அம்மாவுக்குத் தனியாக ஒரு கணக்கு திறந்து கொடுத்திருப்பதாகச் சொன்னார். பாஸ்வேர்டை அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு முழுக்க அது அவரை அரித்தது. கேட்கவில்லை.

நான்கு மாதம் கழித்து மறு பரிசோதனைக்கு அவரும் கூடப் போனார். அவள் போட்ட நிபந்தனைப்படி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் எட்டிப்பார்த்து, உள்ளே வருகிறீர்களா என்று கேட்டபோது, இல்லையம்மா, இருக்கட்டும் என்றார். அரைமணி நேரத்தில் மனைவி வந்து, எல்லாம் நன்றாக இருக்கிறதாம் என்றாள். பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போகும்போது அவர் மூன்று கேள்வி கேட்டார். இரண்டுக்கு அவள் பதில் சொன்னாள். மூன்றாவதுக்குச் சாலையைப் பார்த்து, "பஸ் வருது, ஏறுங்க," என்றாள்.