மனைவி இறங்கினால் ஓடும் கார்

கல்யாணமான புதிதில் "உன் வூட்டுக்காரர் இன்னா பண்றார்?" என்று யாராவது கேட்டால், எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறார் என்று சொல்வேன். ஒரே வருஷத்தில் அந்தப் பதில் மாறிவிட்டது. கார் துடைக்கிறார் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

மஞ்சள் கார். இரண்டே கதவு. பெங்களூரில் யாரோ ஒரு பணக்கார வீட்டுப் பையன் ஓட்டித் தேய்த்து, சலித்துப்போய் விற்றதை இவர் ரயிலேறிப் போய் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் பலகை மாதிரி ஓர் இறக்கை, காதைக் கிழிக்கும் சைலன்சர், உட்கார்ந்தால் ஆளைக் கவ்விக்கொள்ளும் பள்ளமான சீட்டு, இதெல்லாம் அந்தப் பையன் போட்டுவைத்தது. இவருக்கு அது போதவில்லை. வந்த வாரமே மெக்கானிக்கிடம் விட்டு நாலு சக்கரத்து ஸ்பிரிங்கையும் அறுத்தார். அறுத்தால் கார் தரையோடு தரையாகக் குந்தும். அதுதான் அழகாம். மெக்கானிக் எங்கள் புளியந்தோப்பு ஆள், எனக்கு மாமன் முறை. "வாணாம் நைனா. டிரெய்லர் ஓடுற ரோடு இது, ஆளு வுழுந்தா காணாம பூடுவான், அந்த மாதிரி பள்ளம் கீது. இத்த எங்க ஓட்டுவே?" என்று தலையில் அடித்துக்கொண்டார். யார் கேட்டது?

பொய் சொல்ல மாட்டேன். அறுத்துவிட்டு வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். விம்கோ நகரில் எங்கள் தெருவே வெளியே வந்து நின்றது. புலி பதுங்குவது பாய்வதற்கு என்பார்கள். இந்தப் புலி தெருமுனை வரைக்கும் போயிற்று. அங்கே வேகத்தடை. அடிவயிறு கரகரவென்று உரசி, அப்படியே நின்றுவிட்டது.

"கொஞ்சம் எறங்குமே," என்றார்.

இறங்கினேன். நான் இறங்கியதும் கார் ஒரு விரற்கடை எழும்பியது. சாய்வாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கி, அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்துவைத்தார். நான் நடந்து போய் ஏறிக்கொண்டேன். புதுப் பெண்டாட்டி அல்லவா, சிரித்துக்கொண்டே ஏறினேன். அந்தச் சிரிப்புதான் நான் பண்ணின தப்பு.

காருக்கு அடியில் ஆயில் தொட்டி ஒன்று இருக்கிறது, சம்ப் என்று பெயர். அது உடைந்தால் ஆயில் கொட்டி, எஞ்சின் செத்துவிடும். ஆகவே சம்ப் உடையக் கூடாது. ஆகவே நான் இறங்க வேண்டும். இதுதான் சட்டம். திருவொற்றியூரிலோ ஆளுக்கொரு வேகத்தடை. கோயிலுக்கு முன்னால், பள்ளிக்கூடத்துக்கு முன்னால், கட்சிக்காரர் வீட்டுக்கு முன்னால். புளியந்தோப்பில் என் அம்மா வீட்டுக்கு அந்தக் காரில் போன ஒவ்வொரு முறையும் வழியெல்லாம் நான் இறங்கி இறங்கி நடந்துதான் போனேன். டீக்கடைக்காரர் "இன்னா தங்கச்சி, வாக்கிங்கா?" என்று கேட்பார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு, ஒரு காருக்குப் பின்னால் நடந்து போகிற பொம்பளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் ஏரியாக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள்.

"ஸ்பிரிங்கை மாத்தித் தொலையேன்யா," என்று நூறு முறை கேட்டிருப்பேன்.

"நீ எறங்குனா தாண்டிப் போவுது. அதுக்கு எதுக்கு ஸ்பிரிங்கை மாத்தணும்?" என்பார். கோபமாகக்கூட இல்லை. கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி பொறுமையாகச் சொல்வார்.

நான் அப்போது ஒரு எடை மேடையில் வேலை பார்த்தேன். லாரி மேலே ஏறி நின்றால் உள்ளே எங்களுக்கு எடை தெரியும், அச்சடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு மத்தியானம் என்னைக் கூட்டிப்போக வந்தவர் காரை நேராக மேடைமேல் ஏற்றினார். "போடுமே, பாப்போம்," என்றார். விளையாட்டு என்று நினைத்துப் போட்டேன். "இப்ப நீ ஏறு," என்றார். ஏறினேன். கூட வேலை பார்த்த பெண் உள்ளேயிருந்து எண்ணைக் கத்திச் சொன்னாள். இவர் வெளியே தலையை நீட்டி, வரிசையில் நின்ற டிரெய்லர்காரர்களிடம், "பாத்தியா மாமு? இவ்ளோ வெயிட்ட ஏத்திகினு வண்டி எப்டி தாண்டும்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டன் கணக்கில் இரும்பை இழுத்துக்கொண்டு வந்தவர்கள் என் உடம்பைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. அன்றைக்கு ராத்திரியிலிருந்து சோற்றைக் குறைத்தேன். வெளியே சொன்னால் வெட்கம். ஆனாலும் குறைத்தேன்.

காரைப் பற்றிப் பேசும்போது அவர் "அவ" என்பார். "அவளுக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல, மூச்சு வாங்குது" என்பார். நண்பர்களிடம் என்னைக் காட்டும்போது "இது" என்பார். "இது வராது, நாம போலாம்."

அவளுக்கு நடந்த உபசாரம் இருக்கிறதே, அப்பப்பா! எங்கள் பக்கத்தில் ஒரு ராத்திரி வண்டியை வெளியே விட்டால் காலையில் சாம்பலும் கரித்தூளும் படிந்திருக்கும். கடல் காற்றில் கதவோரமெல்லாம் துரு பிடிக்கும். போர்வெல் தண்ணீரில் கழுவினால் உப்புப் பூத்து பெயின்ட் போய்விடும் என்று, குடிக்க வாங்கிய கேன் தண்ணீரில் காரைக் குளிப்பாட்டுவார். கேனைத் தெருமுனையிலிருந்து தூக்கி வருவது நான். வயிற்றில் பிள்ளையோடு தூக்கியிருக்கிறேன். குழந்தைக்கு என்று அம்மா பழைய வேட்டியைக் கிழித்து மடித்துவைத்த மெத்தென்ற துணிகளைத் தேடினால், அவை காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும். "கல்லானாலும் கணவன்னு எவளோ சொன்னாளே, அவ வந்து இவனாண்ட ஒரு மாசம் குப்ப கொட்டிப் பாக்கட்டும்," என்பாள் அம்மா.

வலி வந்தது ஒரு காலை நேரம். சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அம்மா புளியந்தோப்பில். வீட்டில் நானும் இவரும்தான். தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது. "ஆட்டோ கூப்புடுய்யா," என்று கத்தினேன். "நம்ம வண்டி கீதே, பறந்துடலாம்," என்றார். சொன்னவர் முதலில் உள்ளே ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைக் கொண்டுவந்தார். அதை சீட்டுமேல் விரித்து, ஓரங்களை அழகாகச் செருகிவிட்டு, அப்புறம் என்னை உட்கார வைத்தார்.

தெருமுனை வந்தது. கார் நின்றது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இன்றைக்குச் சொல்ல மாட்டார் என்று நினைத்தேன்.

"ஒரே நிமிஷம்மே. எறங்கிக்கோ. சம்ப் அடி வாங்கி நடுரோட்ல நின்னுட்சின்னா உனக்குத்தானே கஷ்டம்?"

அந்தப் பள்ளமான சீட்டிலிருந்து நிறைமாதக்காரி எழுந்திருக்க வேண்டுமானால் முதலில் ஒரு காலை வெளியே போட்டு, கதவைப் பிடித்து, உடம்பைத் திருப்பி, யாராவது கை கொடுக்க வேண்டும். அவர் கை ஸ்டியரிங்கில் இருந்தது. எழுந்தேன். காலோடு தண்ணீர் வழிய வேகத்தடையைத் தாண்டி நடந்தேன். ஏறினேன். அடுத்த வேகத்தடையில் மறுபடியும் இறங்கினேன். இரண்டாவது முறை இறங்கியபோது நிற்க முடியாமல் ரோட்டோரம் குந்திவிட்டேன்.

அங்கே கூடையை இறக்கி மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடிவந்தாள். முன்னே பின்னே பார்த்ததில்லை. என்னைப் பார்த்தாள், உருண்டு போய்க்கொண்டிருந்த காரைப் பார்த்தாள். "டேய் பேமானி! புள்ளத்தாச்சிய ரோட்ல எறக்கி வுட்டுட்டு காரை ஓட்டிகினு போறியே, உன் காரா புள்ள பெத்துக்கப் போவுது? நீயெல்லாம் ஒரு மன்சனா?" என்று கத்திக்கொண்டே நடுரோட்டில் நின்று ஒரு ஷேர் ஆட்டோவை மறித்தாள். "எல்லாம் எறங்குங்கடா!" என்றாள். ஆபீசுக்குப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், அத்தனை பேரும் மறுபேச்சுப் பேசாமல் இறங்கினார்கள். எனக்காக மற்றவர்கள் இறங்கியது அன்றைக்குத்தான். ராயபுரம் ஆஸ்பத்திரி வரைக்கும் அந்த ஆட்டோ ஒரு வேகத்தடைக்கும் நிற்கவில்லை. தூக்கித் தூக்கிப் போட்டது. மீன்கார அம்மா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். உயிர் போகிற வலியிலும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

பெண் குழந்தை. இவர் வந்து சேர்ந்தபோது குழந்தையைத் துடைத்து என் பக்கத்தில் போட்டிருந்தார்கள். குழந்தையைப் பார்த்தார், சிரித்தார். என் நெற்றியில் கைவைத்தார். "ஒண்ணும் பயப்படாத. சீட்டுக்கு ஒண்ணும் ஆவல," என்றார். ஆறுதல் சொன்னாராம்! பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் எந்த சீட்டு என்று என்னைக் கேட்டாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அதற்கப்புறமும் அவரோடு இருந்தேனா என்றால், இருந்தேன். எல்லாரும் இருக்கிறார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன், ஏறினேன். அவள் நடக்கப் பழகியதும் அவளும் இறங்கினாள். ஒரு நாள் கருங்கல் சில்லு ஒன்றை எடுத்து அந்த மஞ்சள் கதவில் மேலிருந்து கீழாக அவள் கோடு போட்டாள். நான் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று போட்டு நிறுத்தினாள். "இன்னொண்ணு போடு கண்ணு," என்றேன். அவர் வந்து பார்த்துவிட்டு, தலையில் கைவைத்துக்கொண்டு அழுதார். நிஜமாகவே கண்ணீர்விட்டு அழுதார். குழந்தை பிறந்தபோது வராத கண்ணீர். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது, இன்றைக்கும் அதில் வருத்தமில்லை.

யார்டில் கான்ட்ராக்ட் மாறி அவர் வேலை போனது. வீடு என் சம்பளத்தில் ஓடியது. "கார் போவணும்," என்றேன். ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார். அப்புறம் காருக்குப் பாலிஷ் போட்டு, முகத்துவாரக்குப்பத்தில் கடலைப் பார்த்து நிறுத்தி, மணலில் குப்புறப் படுத்து, விற்பனை விளம்பரத்துக்கு போட்டோ எடுத்தார். என் கல்யாண போட்டோகூட அப்படி வரவில்லை.

வந்து பார்த்தவர் ராயபுரத்தில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஒரு சின்னப் பையன். அப்பா காலத்தில் தெற்கேயிருந்து வந்த குடும்பம். காரைச் சுற்றி வந்தார், சத்தம் கேட்டார், பிடித்துப்போயிற்று. இவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பார்க்கப் போனார். தெருமுனையில் அடி உரசியது. ஒரு ஆள் இறங்கினால் தாண்டிவிடும் என்று இவர் சொன்னதும் திரும்பி வந்துவிட்டார். "ஸ்பிரிங் மாத்தி ஏத்திக் குடுத்தா எடுத்துக்கிறேன் அண்ணே. என் வொய்ஃப் எல்லாம் வழியில எறங்கி ஏறிட்டு இருக்க மாட்டாங்க," என்றார்.

இவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "அதுக்கென்னா சார், பண்ணிடலாம்," என்றார். மறுநாள் காலையில் புதுப்பேட்டைக்குப் போனார். பழைய ஸ்பிரிங் வாங்கினார். மத்தியானத்துக்குள் மாமன் மாட்டிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். அரை நாள் வேலை.

சாயங்காலம் அந்தப் பையன் மனைவியோடு வந்தார். நல்ல பெண், சிரித்த முகம். என்னைப்போல் ஒன்றரை ஆள் இருப்பாள். இவர் ஓடிப்போய் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். "உக்காருங்க மேடம். ஜம்முனு இருக்கும்." கணவனை ஓட்டச் சொல்லாமல் இவரே ஓட்டிக் காட்டினார். நான் குழந்தையோடு வாசலில் நின்றேன். தெருமுனை வந்தது. கார் நிற்கவில்லை. மெதுவாக ஏறியது, இறங்கியது, போயிற்று. எதிர்வீட்டு அக்கா, "இன்னாமே, எறங்காமயே போவுது!" என்றாள். நான் உள்ளே போய் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு அழுதேன்.

காரைக் கொண்டுபோய் விடுகிற நாள். "கடைசியா ஒரு தபா வாமே. பாப்பாவையும் தூக்கினு வா. இனிமே எறங்க வாணாம், ராணி மாதிரி குந்திகினு வா," என்று கூப்பிட்டார். வரமாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த மேட்டை ஒரே ஒரு முறை உட்கார்ந்துகொண்டே தாண்டிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. வெட்கங்கெட்ட ஆசை. தலை வாரி, பூ வைத்துக்கொண்டு, மகளை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன்.

தெருமுனை வந்தது. கார் நின்றது.

முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டார். நான் இறங்குவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"ஸ்பிரிங் மாத்தியாச்சுல்ல?" என்றேன்.

"அட ஆமா!" சிரித்தார். "மறந்தே பூட்சு. நீ குந்திகினு கீறியா, அதான் காலு தானா பிரேக்கை அமுக்கிடுச்சு."

இறங்கினேன். மகளையும் இறக்கினேன். "ஏய், அதான் சொல்றேன்ல, வாணாம், ஏறு!" என்றார். கதவைச் சாத்தினேன். பின்னால் ஒரு டிரெய்லர் ஹாரன் அடிக்கவே, வேறு வழியில்லாமல் காரை எடுத்தார். கார் ஒரு சத்தமும் இல்லாமல் மேட்டைத் தாண்டியது. அந்தப் பக்கம் போய் நிறுத்தி, எப்போதும்போலக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார்.

நான் மகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். புளியந்தோப்புப் பக்கம் போகிற ஷேர் ஆட்டோ ஒன்று வந்தது. ஏறி உட்கார்ந்தேன். கொஞ்ச தூரத்தில் பள்ளிக்கூடத்து வேகத்தடை தெரிந்தது. ஆட்டோ வேகம் குறைந்தது. என் மகள் மடியிலிருந்து சரசரவென்று நழுவி, செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, ஓரத்துக் கம்பியைப் பிடித்து நின்றாள். "வாம்மா," என்று என் கையை இழுத்தாள்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார். "இன்னாமா, பாப்பா எறங்கணுமா?"

மகளை இழுத்து மடியில் போட்டு, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "எறங்கல நைனா, நீ போ," என்றேன்.