டேலி ஆற்றில் அங்கிளை விட்டு வந்த நாள்

போன ஜூலையில், சிட்னி குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தபோது நான் ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள டார்வினுக்குப் போனேன். சுற்றுலா அல்ல. நாங்கள் வசிக்கும் நார்த்மீட்டில் பக்கத்து வீட்டு அன்ரியோடு, அவர் கணவரின் அஸ்தியைக் கரைக்க. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் அங்கிள், வடக்கே டேலி ஆற்றில் வெள்ள மட்டம் அளக்கும் பொறியாளராக இருந்தாராம். அந்த ஆற்றிலேயே தன்னைக் கரைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பிள்ளைகள் இல்லை. மகன் ஸ்தானத்துக்குக் கிடைத்தவன், தஞ்சாவூர்க்காரனான நான்.

எங்கே போனாலும் அந்த இடத்தைப் பற்றிப் படித்துவிட்டுப் போகிற ரகம் நான். விமானத்தில் அன்ரியைத் தூங்கவே விடவில்லை. மழைக்காலத்தில் அந்த ஆறு காட்டையும் சாலையையும் விழுங்கிவிடும். வெள்ளைக்காரர்கள் ஓர் ஆளுநரின் பெயரை அதற்கு வைப்பதற்கு ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அதன் கரையில் மக்கள் வாழ்கிறார்கள். பாரமண்டி மீன் ஆணாக வளர்ந்து, பிறகு பெண்ணாக மாறும். முதலை கட்டை மாதிரி அசையாமல் காத்திருக்கும். "ஓம் தம்பி, ஓம்" என்று பாவம், தலையாட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

கரைக்குப் போனதும் அத்தனை படிப்பும் எங்கே போனதோ! வேட்டியை மடித்துக் கட்டி, கலயத்தோடு முழங்கால் ஆழத்தில் இறங்கி, காவிரியில் அப்பாவுக்குச் செய்த மாதிரியே ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றேன். திரும்பிப் பார்க்கக் கூடாதல்லவா?

"தம்பி, வெளியில வாங்கோ! முதலை நிக்குமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்!"

அன்ரி அலறிய அலறலில், பக்கத்தில் படகைத் தள்ளிக்கொண்டிருந்த மீன்பிடிக்காரர் ஓடிவந்து, என் சட்டைக் காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டார். நான் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி மிதந்த ஒரு கட்டை, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக அமிழ்ந்தது.

கரையில் உட்கார்ந்து அன்ரி அழுதார். "அவற்ற கடைசி ஆசை. இதையும் செய்யேலாமப் போச்சே."

அந்த மனிதருக்கு எங்கள் பாஷை தெரியாது. ஆனால் என் கையிலிருந்த கலயம் புரிந்திருக்க வேண்டும். தூண்டில்களை ஒதுக்கிவிட்டு எங்களைப் படகில் ஏற்றிக்கொண்டார். நடு ஆற்றில் எஞ்சினை அணைத்துத் தொப்பியைக் கழற்றினார்.

அன்ரி என் கையிலிருந்து கலயத்தை வாங்கிக்கொண்டார். பெண்கள் கரைக்கும் வழக்கமில்லையே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று சாஸ்திரம் பேசும் யோக்கியதையும் எனக்கில்லை. படகின் விளிம்பிலிருந்து அஸ்தியை மெல்லச் சரித்துவிட்டு, தண்ணீரைப் பார்த்து அங்கிளிடம் சொன்னார்.

"இஞ்சேருங்கோ, கவனமாப் போங்கோ. முதலை நிக்குது."

சிரிக்க வேண்டிய இடம்தான். நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது என் மனைவி தினமும் "பார்த்துப் போங்க" என்பாள். வருஷக்கணக்காகக் காதில் வாங்காமல் காரை எடுத்தவன், இப்போது நின்று, "சரிம்மா" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.