கரும்பலகையில் என் நீல டிரம்

எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் ஒரு கோழை. இதை அவர் முகத்துக்கு நேராகவும் சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மும்பை தாராவியில் எங்கள் சந்து தொடங்கும் இடத்தில் அம்மன் கோயில், அதை ஒட்டிப் பொதுக்குழாய், குழாய்க்கு மேலே சங்கத்தின் கரும்பலகை. காலையில் தண்ணீர் வருவதற்கு முன்பே செயலாளர் அதில் இரண்டு விஷயம் எழுதிவிடுவார். மேலே 'ராஜா காலத்துத் தண்டனை'. கீழே 'இன்றைய யோசனை'. எடை குறைத்த வியாபாரியின் கழுத்தில் அவன் தராசையே கட்டித் தெருவில் நடத்தினார்கள் என்று ஒரு நாள் எழுதியிருந்தார். அதற்குக் கீழே, லோக்கல் ரயிலில் தூங்குகிறவன் பக்கத்தில் உட்காராதே, தாதர் ஸ்டேஷன் வந்தாலும் உன் தோளை அவன் விடமாட்டான் என்று யோசனை. இன்னொரு நாள் கழுவேற்றும் விதத்தை விலாவாரியாக எழுதிவிட்டு, கீழே பூண்டை எளிதாக உரிக்க வழி சொல்லியிருந்தார். எங்கேயாவது படித்தாரா, சொந்தமாகக் கட்டிவிட்டாரா என்று யாரும் கேட்டதில்லை.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. நான் திருநெல்வேலிப் பக்கம் எட்டாவது வரை படித்தவள். அதனால் கல்யாணமாகி வந்ததிலிருந்து பலகையை வாசிப்பது என் வேலை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சத்தமாக வாசிப்பேன். வரிசையே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். கழுவேறியவன் யாரோ என்பதால் சிரித்திருக்கிறேன்.

போன கோடையில் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. யாரோ லைனில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்று பேச்சு. பேச்சு பொய்யில்லை. மோட்டார் சத்தம் எனக்கும் கேட்டது. எந்த வீடு என்றுதான் தெரியவில்லை.

அந்த வாரம் ஒரு காலையில் வழக்கம்போல வாசிக்க ஆரம்பித்தேன். ஊர்த் தண்ணீரைத் திருடியவனை மொட்டையடித்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் வால் பக்கம் பார்த்து உட்கார வைத்து ஊர்வலம் விட்டார்களாம். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து யோசனை. "மாடியில் நீல டிரம் வைத்திருப்பவர்கள்..."

அங்கே நின்றுவிட்டேன். எங்கள் சந்தில் மாடி ரூமில் நீல டிரம் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான்.

"ஆகே போலோ அக்கா, மேல படி, ஏன் நிப்பாட்டிட்ட?" என்றாள் பின்னால் நின்ற காலேஜ் பெண்.

நிறுத்தினால் நான்தான் என்று ஆகிவிடும். வாசித்தாலும் ஆகிவிடும். வாசித்தேன். "...மோட்டார் போடும்போது டிவியைச் சத்தமாக வைக்கவும். கீழே கேட்கிறது."

தோல் பட்டறைக்காரர் மனைவி, "ஏட்டி, கழுதை நம்ம சந்துக்குள்ள வந்தா திரும்புறதுக்கு எடம் இருக்கா?" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அன்றைக்கே செயலாளர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "அண்ணாச்சி, என்னையவா எழுதுனீய?"

"ஒம் பேரு அதுல இருக்கா தாயி?"

"நீல டிரம்முன்னு இருக்குல்லா?"

"நீலம் ஊருக்கே பொதுக் கலரு. அத நீ ஏன் எடுத்து ஒந்தலையில வச்சுக்கிட்டு நிக்க?"

"அப்போ ஏறி வந்து பாருங்க. மோட்டார் இருந்தா தூக்கித் தெருவுல போடுங்க."

"அந்த இரும்பு ஏணியில ஏற எனக்கு முட்டு எங்க இருக்கு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

என் டிரம் ஏன் எப்போதும் நிறைந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாட்டுங்காவில் ஒரு மாமி வீட்டில் சமையல் செய்கிறேன். மதியம் கிளம்பும்போது அந்தக் கட்டடத்துக் குழாயில் இரண்டு கேன் பிடித்து பஸ்ஸில் கொண்டுவருவேன். வெளி ஆளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பது அங்கே விதி. மாமி கண்டும் காணாமல் இருக்கிறாள். சந்தில் இதைச் சொன்னால் ஒரே நாளில் மாட்டுங்காவுக்குப் போய்ச் சேரும். மாமிக்குக் கட்டடக் கமிட்டியில் பேச்சு விழும், என் வேலையும் போகும். அதனால் எந்தக் கட்டடம் என்று இங்கேயும் எழுத மாட்டேன்.

இப்போது வரிசைக்கு நான் வைக்கும் குடம் தானாகக் கடைசிக்குப் போய்விடுகிறது. யார் நகர்த்தினார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. என் முறை வரும்போது குழாய் நின்றிருக்கும். அதனால் மாட்டுங்காவிலிருந்து மூன்று கேன் தூக்குகிறேன். டிரம் இன்னும் நிறைகிறது. நிறைந்த டிரம்மைப் பார்த்துத்தான் என்னைத் திருடி என்கிறார்கள். வேறு ரூம் தேடிப் போகலாம் என்றால், மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள் என்பார்கள்.

கழுதைமேல் ஏறியவன் தெரு முடிந்ததும் இறங்கியிருப்பான். நான் ஒரு வருஷமாக இறங்கவில்லை. பலகையை வாசிக்கவும் இன்னும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். மறுத்தால் அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிப்பார்கள் என்று வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணாச்சி, வீட்டுக்குள் போய்ப் பேசுகிற பேச்சு எனக்கு வேண்டாம். அதே பலகையில், அதே சாக்பீஸால் பதில் எழுதுங்கள். நான்தான் என்றால் என் பேரைப் போட்டு எழுதுங்கள். இல்லையென்றால், அவள் இல்லை என்று எழுதுங்கள். எதை எழுதினாலும் நானே வாசிக்கிறேன், வரிசையில் கடைசிக் குடத்துக்கும் கேட்கிற மாதிரி.